மூணு வரிக்கு மேல எளுதாத பிள்ளைக்கு விலக்கு

...பத்துப் பக்கமாம்ங்க, பத்துப் பக்கம்! அதுவும் கைப்பட எளுதணுமாம். எளுதுனாத்தான் டிகிரியாம். இந்த யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு வேற வேலையே இல்லியான்னு கேக்கேன்! இருங்க, இருங்க, எங்க எந்திரிக்கீக? டீயக் குடிங்க. உள்ள ஒருத்தரும் இல்ல. கையெழுத்துப் போடுற ஆபீசரே டீ குடிக்கத்தான் போயிருக்காராம். ஒரு மணி வரைக்கும் இந்தக் குறைதீர்க்கிற முகாமு இருக்குல்ல, வந்துருவாரு.

நமக்கு திருத்தங்கலு. அய்யாதுரைன்னு கேட்டா யாரும் சொல்லுவாக, வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸு. உங்க வெரல்லயும் ஊதா மை இருக்கே... அதான் நம்ம தொளில்காரராச்சேன்னு பக்கத்துல வந்து உக்காந்தேன். எந்த பிரஸ்ஸு? சரி, அத விடுங்க.

எம்மக கீர்த்திகா. மத்த பேப்பர் எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல. இந்தக் கட்டுரைல மட்டும் மூணு தடவையும் முட்டை! ஏன்? எட்டாங் கிளாஸ்லருந்து நம்ம லேபிளுக்கு வாசகம் எளுதுறது அவதான். "திரியைப் பற்ற வைக்கவும். உடனே விலகி நிற்கவும்." ரெண்டு இஞ்சு எடத்துல அடங்கணும்ல? நீளமாப் போச்சுன்னா நாந்தான் "வெட்டு புள்ள, வெட்டு"ன்னு கத்துவேன். வெட்டி வெட்டிப் பளகிட்டா. "என் வாழ்க்கை லட்சியம்"னு தலைப்புக் குடுத்துருக்காக. இவ என்ன எளுதுனா தெரியுமா? "வேலைக்குப் போகவும். ஈரத்தில் வைக்க வேண்டாம்." அம்புட்டுத்தான்! மிச்சம் ஒம்பதே முக்காப் பக்கம் வெள்ளை. வீட்ல அவ அம்மா ராக்காயி, கொளம்பு எப்படிடி இருக்குன்னு கேட்டா, "காரம் அதிகம். சிறுவர் தவிர்க்கவும்"ங்கா.

சிரிக்காதீக. மதுரைல ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு. திங்கக்கெளமை சர்ட்டிபிகேட்டோட வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்னுட்டான். நேத்து உக்காந்து அளுதா, அதுவும் சத்தமில்லாம. வெட்டு வெட்டுன்னு சொன்ன பாவி நாந்தான?

அதான் கட்டுரைலருந்து விலக்குக் கேட்டு மனு. இங்கன பாருங்க, ஆர்ட் பேப்பரு, நாலு கலரு, சுத்தித் தங்க பார்டரு, நடுவுல மயிலு! போன மாசம் தபால்ல ஒண்ணு அனுப்புனேன். கவர்ல நம்ம பிரஸ் பேரப் பாத்துட்டு, வெடிப் பார்சல்னு பயந்துபோயி தண்ணி வாளிக்குள்ள முக்கிட்டாகளாம். அதான் இந்தத் தடவ நானே தூக்கிட்டு வந்துட்டேன்.

ஏங்க, ஏங்க! மனுவ ஏன் புடிச்சு இளுக்கீக? மை பட்டுரும்! பேனாவ வேற எடுக்கீக... ஒரு பிரஸ்காரன் அடிச்சதுல இன்னொரு பிரஸ்காரன் கை வைக்கப்படாதுங்க. இத ஆபீசரு கையிலதான் குடுப்பேன். என்னமோ சொல்ல வாறீக... இருங்க, நான் முடிச்சுக்கிடுறேன். எங்க வீட்லயும் இதான். ஒருத்தரும் முளுசாக் கேக்கமாட்டாக. மயிலுக்கு எம்புட்டு பச்சை சேக்கணும்னு மெசின்காரன் பாண்டிமுருகன்ட்ட ரெண்டு மணி நேரம் சொல்லிருக்கேன், அவன் பாதியிலயே...

அட, என்னங்க, கையெடுத்துக் கும்புட்டுட்டுக் கெளம்பிட்டீக? கார்லயா போறீக! நல்ல வசதியான பிரஸ்ஸுதான் போல.

ஏம்ப்பா வாச்மேன், கதவ ஏன் பூட்டுத? ஆபீசரு இன்னும் வரலையே... என்னது? மணி ஒண்ணாயிருச்சா? இம்புட்டு நேரமும் எங்கூடத்தான் இருந்தாரா? அந்த மை... சீல் குத்துன மையா!

அய்யய்யோ, போச்சே! எம்பிள்ள வாள்க்கையே போச்சே! கெளம்பும்போதே சட்டப்பையில ஒரு சீட்டு வச்சுவிட்டா, பஸ்ல படிங்கப்பான்னு. நான் எங்க படிச்சேன், பக்கத்து சீட்டுக்காரர்ட்ட பேசிட்டுல்ல வந்தேன். இந்தா... "மனுவை நீட்டவும். கையெழுத்து வாங்கவும். வாய் திறக்காமல் விலகி நிற்கவும்."

ஏம்ப்பா, அந்தக் கார் எந்தப் பக்கம் போச்சு? ரயில்வே கேட் அடைச்சிருந்தா ஓடிப் புடிச்சிரலாம்ல? புடிச்சா ஒரு வார்த்தை பேசமாட்டேன்ப்பா, எம்மக மேல சத்தியம். அந்த மயிலுக்கு ஏன் பச்சை தூக்கலா வச்சேன்னு மட்டும் சொல்லிட்டு...