‘குணமாக்கும்’ என்று சொல்ல மறுத்த என் அக்கா

நான் ஒலிவாங்கியைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன் என்று தெரிந்தும், துணிந்து என்னை அழைத்து, இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! வெளுத்தும் உலர்த்தியும் தேய்த்தும் மடித்தும் இந்தச் சலவை ஆலையைத் தங்கள் தோள்களில் தூக்கி நிறுத்திய மூத்தவர்களே! வீட்டில் அடுப்பனல், வேலையில் ஆவியனல் என்று இரண்டு அனலுக்கும் அஞ்சாத அன்னையர்களே! முன்வரிசையில் இரண்டு பேர் இடத்தில் ஒருவராக அமர்ந்திருக்கும் மேலாளர் ஐயா அவர்களே! இடம் கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் இளைய தோழர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘பச்சைத் தேநீர்: சுவையும் நலமும்’. என்ன சிரிப்பு? “பால் ஊத்துவியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். ஊற்ற மாட்டேன் ஐயா, உட்காருங்கள்!

நான் மருத்துவன் அல்லன். இந்த ஆலையின் வெளுத்த துணிகளை விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி ஓட்டி. பிறகு எந்தத் தகுதியில் பேச வந்தேன்? தேய்ப்புப் பிரிவில் நிற்கிறாரே ஒருவர், நீங்கள் எல்லோரும் ‘ஆவி அக்கா’ என்று அழைக்கிறீர்களே, அவருடைய உடன்பிறந்த தம்பி என்ற தகுதியில் பேச வந்தேன். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்!

தேய்ப்புப் பிரிவு எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? உருளை இயந்திரம் ஈரப் போர்வையை விழுங்கி வெண்ணிறத் தகடாய் வெளியே தள்ளும். கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடியும் வியர்க்கும். அந்த வெக்கையிலும் என் அக்காவுக்குச் சூடான தேநீர் வேண்டும். பால் தளும்ப வேண்டும், சர்க்கரை அடியில் தேங்க வேண்டும், கரண்டி கிட்டத்தட்ட நிற்க வேண்டும்!

அப்படிப்பட்டவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார், நடக்கச் சொன்னார், இனிப்பை நிறுத்தச் சொன்னார்.

“டாக்டரம்மா, டீயை விடச் சொல்றதுக்கு என் தலையைக் கழட்டி இங்க வெச்சுட்டுப் போகச் சொல்லலாம்” என்றார் அக்கா.

அன்று மாலை அவருடைய மருமகள் ஒரு பொட்டலம் பச்சைத் தேயிலையோடு வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண், ஆனால் பால் தேநீர் போடும் பழக்கத்தில் தண்ணீரோடு இலையையும் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டாள். அக்கா ஒரு வாய் குடித்தார்.

“ஏம்மா, இதைக் குடிச்சா சர்க்கரை போகுமா, உசுரு போகுமா?”

“இருங்க அத்தை, நானும் குடிச்சுப் பாக்கறேன்.” குடித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. “அத்தை, ரெண்டும் போகும் போலிருக்கு!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அவர்களும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, இருவருமாகப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தார்கள். மறுநாள் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அதன் ஆவேசம் அடங்கும்வரை பொறுத்து, பிறகு இலையைப் போட்டு, கொஞ்ச நேரத்திலேயே வடித்தார்கள். இளம்பச்சையும் இளமஞ்சளும் கலந்த நிறம். மழை பெய்த புல்லின் வாசம். நாவின் நுனியில் சின்னதாய் ஒரு துவர்ப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல மெல்ல ஒரு தித்திப்பு. அக்கா கோப்பையை மட்டும் மறுபடி நீட்டினார். அவையோரே, என் அக்கா ஒன்றைப் புகழ்வது அப்படித்தான்!

இதனால் உடம்புக்கு என்ன நன்மை? அதையும் மருத்துவரிடமே கேட்டார்.

“இருதயத்துக்கு நல்லது செய்யலாம்மா. ஆராய்ச்சி நடக்குது, உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. சர்க்கரை போடாம குடிக்கறீங்க பாருங்க, அதுவே பெரிய லாபம். வெறும் வயித்துல வேண்டாம், தூக்கம் கெட்டா குறைச்சுக்குங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடக் கூடாது.”

அக்கா நிறுத்தவில்லை. மாத்திரை விழுங்கினார், மருமகளோடு மாலையில் நடந்தார், இனிப்பைத் துறந்தார், தேநீரை ரசித்தார். அடுத்தடுத்த சோதனைகளில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் ஆலைக்குள் பரவிய செய்தி என்ன? மாத்திரையா பரவியது? நடையா பரவியது? இல்லை! “அக்காவுக்கு கிரீன் டீ குடிச்சே சர்க்கரை சரியாயிடுச்சாம்!” என்பதுதான் பரவியது.

மடிப்புப் பிரிவில் எங்கள் மாமா ஒருவர் இருக்கிறார். உறவால் அல்ல, உரிமையால் மாமா. இதோ, இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார்! மாமா, நிமிருங்கள், உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவருக்கும் அதே நோய். அவர் மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தேநீரை மட்டும் நம்பினார். ஒரு பிற்பகல், தாம் மடித்து அடுக்கிய போர்வைகளின் மேலேயே மயங்கிச் சரிந்தார். என் வண்டியில் துணி மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவரைக் கிடத்தினோம். மருத்துவமனை வரைக்கும் அவர் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டு வந்தார் அக்கா.

கண் விழித்ததும் மாமா சொன்னார்: “உனக்குச் சரியாச்சேம்மா... அதான் நானும் அதையே குடிச்சேன்.”

“நான் மாத்திரையும் போட்டேனே மாமா!”

“அப்படியா? அதை யாரும் சொல்லலையேம்மா.”

திரும்பி வரும் வழியெல்லாம் ‘யாரும் சொல்லலையேம்மா’ என்பதையே என் அக்கா தமக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆலைக்குள் பரவிய செய்தியைக் கேட்டு வந்து சேர்ந்தார் ஒரு தேயிலை வியாபாரி. புதிதாய் ஒரு பச்சைத் தேயிலையைச் சந்தைக்குக் கொண்டுவருகிறாராம். அறிமுக விழா மேடையில் அக்கா ஒரே ஒரு வரி சொன்னால் போதுமாம். ‘இந்தத் தேநீர் என் நோயைக் குணமாக்கியது.’ அக்காவின் படம் தெருவெல்லாம் நிற்கும். தேய்ப்புப் பிரிவுக்கு வியாபாரியின் செலவில் பெரிய மின்சாரக் காற்றாடிகள் வரும்.

தோழர்களே, காற்றாடி! அந்த வெக்கையில் நிற்பவருக்குக் காற்றாடி என்றால் என்ன என்று காற்றில் இருப்பவருக்குத் தெரியுமா? பிரிவே அக்காவின் முகத்தைப் பார்த்தது. “ஒரு வரிதானே அக்கா, சொல்லிடுங்க” என்று கெஞ்சியது.

விழாவன்று மேடைக்குப் பின்னால் அக்கா வியாபாரியிடம் கேட்டார்: “ஐயா, ‘நல்லது செய்யலாம்’னு சொல்லட்டுமா?”

“‘லாம்’னு இழுத்தா எவன்மா வாங்குவான்? ‘குணமாக்கும்’னு அடிச்சுச் சொல்லுங்க.”

மேடையேறினார் என் அக்கா. நான் கீழேயிருந்து பார்த்தேன். ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கிரீன் டீ எனக்கு ரொம்பப் பிடிக்கும். ருசிக்காகக் குடிக்கறேன். உடம்புக்கு நல்லது செய்யலாம்னு டாக்டர் சொன்னாங்க. எனக்குச் சர்க்கரை இறங்கினது மாத்திரையால, நடையால, வாயைக் கட்டினதால. நான் சரியாயிட்டேன்னு கேட்டு, மாத்திரையை விட்டு ஒருத்தர் மயங்கி விழுந்தாரு. இன்னொருத்தர் விழுந்தா என்னால தாங்க முடியாது. டீ குடிங்க. மாத்திரையும் போடுங்க.”

அவ்வளவுதான்! வியாபாரியின் ஆள் ஓடிவந்து பாட்டைப் போட்டுவிட்டார். படமும் போயிற்று, காற்றாடியும் போயிற்று.

மறுநாள் வேலைக்குப் போக அக்கா தயங்கினார். தோழிகளின் முகத்தில் எப்படி விழிப்பது? போனார். இயந்திரம் உறுமியது, எல்லோரும் குனிந்து வேலை பார்த்தார்கள். காற்றாடிக்காக எல்லோரையும்விட அதிகம் ஏங்கியவர் துணிக்குக் கஞ்சி போடும் அக்கா. அவர்தான் தம் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

“காத்தாடி போனா போகட்டும் போ. எனக்கும் ஒரு வாய் ஊத்து. இரு இரு, மாத்திரையைப் போட்டுட்டு வந்துடறேன்!”

சிரிப்பு வெடித்தது. அழுகையும் வெடித்தது. அன்று அந்த அறையில் எல்லா டம்ளரும் நீண்டன.

இந்தப் பெண்மணிக்கு நான் தம்பி! அவர் முகத்தைத் தெருவெல்லாம் நிறுத்துகிறோம் என்றார்கள். அதைப் பொய்க்கு வாடகை விட மறுத்தவருக்கு நான் தம்பி! அரசாங்கம் கேட்டா அப்படிச் சொன்னார்? அச்சத்திலா சொன்னார்? முன்பின் தெரியாத யாரோ ஒருவர், எந்த வீட்டிலோ, தம் மாத்திரையை ஒதுக்கி வைத்துவிடக் கூடாதே என்று சொன்னார். நாம் வெளுப்பது துணியை மட்டும்தான் என்று எவராவது சொன்னால், தோழர்களே, என் அக்காவைக் காட்டுங்கள்!

மேலாளர் ஐயா, நீங்களும் கைதட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. ஒரு சொல்லை விற்றிருந்தால் வந்திருக்கும் காற்றாடி, அதை விற்காததால் வரவில்லை. நேர்மையாய் இருந்ததற்காக எங்கள் பெண்கள் இன்னொரு கோடையும் வேக வேண்டுமா? ஆலைச் செலவிலேயே காற்றாடி வாங்கித் தருவீர்களா? தலையாட்டுகிறீர்கள். அவையே, பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா தலையாட்டிவிட்டார்! எல்லோரும் சாட்சி!

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே என்னைக் கிண்டலடித்துக் களைப்பாற்றிய தோழர்களுக்கும், கடிகாரத்தை இன்னும் என் பக்கம் திருப்பாத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என் அக்காவுக்கு, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், தலை வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!