பூசணிக்காய் கட்டிய பாய்லர்

ஓடுகிறேன். எங்கும் ஆவி. காலடியில் சாயத் தண்ணீர். சுடுகிறது. செருப்பு எங்கோ போய்விட்டது. கழுத்தில் கேமரா. நெஞ்சில் இடிக்கிறது. முதல் பாய்லர் இப்போதுதான் வெடித்தது. டொம்மென்று ஒரே சத்தம். அதன் பிறகு வலது காதில் ஒன்றுமே கேட்கவில்லை.

திருப்பூர், 1993. ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய முதல் காலை. ஆற்றோரத்துச் சாயப்பட்டறை. பெயர் வேண்டாம். அங்கே பாய்லருக்கு விறகு போடுகிறவர் என் அண்ணன் ரங்கசாமி. நான் போட்டோ எடுக்கிறவன். பூஜையன்று எல்லோரையும் நிற்கவைத்து எடுத்தேன். ஃபிலிமில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் முடித்துக் கழுவிவிடலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் எமன் நிற்கிறான்.

என் கேமரா பழைய தகர டப்பா. மழை, ஆசிட் புகை, எல்லாம் பார்த்தது. பஸ் மேலிருந்து ஒருமுறை விழுந்தது. டப்பாதான் நசுங்கியது, படம் கெடவில்லை. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி. அதில் பார்த்து அமுக்க வேண்டியதுதான்.

"ஓடுங்க! ரெண்டாவதும் போயிருமுங்க!" யாரோ கத்துகிறார்.

இரண்டாவது பாய்லரிலும் நெருப்பு எரிகிறது. அங்கே மீட்டர் முள்ளை யாரும் நம்புவதில்லை. பாய்லர் உச்சியில் ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஆவி மிஞ்சினால் கம்பியைத் தூக்கிக்கொண்டு விசிலடித்து வெளியேறும். விசில் கேட்டால் விறகை இழுத்துப் போடுவார்கள். அதுதான் பட்டறை வழக்கம்.

இன்று விசில் அடிக்கவில்லை. ஏன்? திரும்பிப் பார்த்தேன். கம்பி நுனியில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறது. பூஜையன்று முதலாளி தன் கையால் கட்டியது. இரண்டு பாய்லருக்கும் ஒவ்வொன்று. நல்ல கனம். அதைச் சுமந்துகொண்டு கம்பி எப்படி எழும்பும்?

அண்ணனும் பார்த்துவிட்டார். எல்லோரும் வெளியே ஓட, அவர் உள்ளே போகிறார். கையில் மூட்டை அறுக்கிற கத்தி.

"அண்ணா, போவாதீங்க!"

"நீ ஓடு கண்ணு! செவுத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க இருக்கறாங்க! பூசணிக்காயை அறுத்துப்போட்டு வந்தர்றேன்!"

என் கால் நகரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயத்தில் வேட்டி நனைந்துவிட்டது. கை மட்டும் பழக்கத்தில் தானாக வேலை செய்தது. லென்ஸில் ஆவி படிந்திருந்தது. கீழே கிடந்த பனியன் வேஸ்ட்டை, கழிவுத் துணியை, எடுத்துத் துடைத்தேன். துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. பார்க்க நேரமில்லை. அமுக்கினேன்.

கயிறு அறுந்தது. காய் விழுந்தது. கம்பி எழும்பியது. விசில். கொதிக்கிற ஆவி மொத்தமும் அண்ணன் மேல்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தார். மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பியது. பாய்லர்க்காரன் தூங்கிவிட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிலிமைக் கழுவினேன். விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் படத்தைப் போட்டேன். அண்ணனின் முதுகு. உயர்த்திய கையில் கத்தி. கயிறு. பூசணிக்காய். முதலாளியும் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"கட்டுனது நானுங்க," என்றார். தூக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

பூஜையன்று எடுத்த படங்கள் ஒன்றும் தேறவில்லை. அன்று கேமராவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தேன். வழிந்து லென்ஸில் அப்பிவிட்டது. மேல் கண்ணாடியில் பார்த்து எடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? எல்லோர் முகமும் புகை. "எம் மூஞ்சியை எடுத்து ஃபிலிமைக் கெடுக்காதே" என்று தன் கல்யாணத்தில்கூட நழுவியவர் அண்ணன். பூஜையன்றுதான் முதல் தடவையாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி முதுகுப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"மூஞ்சி தெரியறாப்பல ஒண்ணு இல்லீங்களா, தம்பி?"

செத்தவர்கள் மூன்று பேர். சாயத் தொட்டியில் நின்ற மாரப்பன். துணி எடுக்க வந்த லூர்துமேரி. என் அண்ணன் ரங்கசாமி. போனவை: ஒரு பாய்லர், கிழக்குச் சுவர், என் வலது காது. இரண்டாவது பாய்லரை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அண்ணன் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.