பசுவுக்கும் அவனுக்கும் அதே ஆணி

பசுவை லிஃப்டில் ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கன்றை முன்னால் விட்டால் போதும், நான்காவது மாடி வரை அது பாட்டுக்கு வரும். கண்ணாடி பதித்த லிஃப்ட் மட்டும் ஆகாது. தன்னைப் பார்த்துத் தானே முட்டும். மனிதர்கள் முட்டுவதில்லை, தலை வாரிக்கொள்கிறார்கள்.

பேப்பரும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நீங்களே எழுதுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நல்லதாயிற்று. பேசினால் எனக்குக் கதை வளரும். என் பெயர் வெங்கடரமணன். மயிலாப்பூரில் இருபத்திரண்டு வருஷமாகக் கிருஹப்பிரவேசங்களுக்குப் பசுவும் கன்றும் அனுப்புகிறேன். என்னிடம் மாடு பிடிக்கிறவனாக ஒன்பது வருஷம் இருந்த தனபாலன் எப்படிச் செத்தான் என்பதுதான் உங்கள் கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன். மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

தனபாலன் கெட்டிக்காரன். புது வீட்டுக்காரர்களுக்குப் பசு உள்ளே வர வேண்டும், லட்சுமி கடாட்சம் வேண்டும், ஆனால் இத்தாலி மார்பிளில் ஒரு சொட்டு விழக்கூடாது. எங்கள் பசு மங்களாவின் வால் ஒரு விரற்கடை தூக்கினால் போதும், தனபாலன் பக்கெட்டோடு பின்னால் நிற்பான். "சாமி, இவுங்களுக்கு கோமாதா வேணும், கோமியம் வேணாமாம். இன்னா நாயம் இது?" என்று என் காதில் சொல்லிச் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும். அவனை எனக்குப் பிடிக்கும், சார். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பூஜை வீட்டுக்குப் போகிறவன் வண்டியை விட்டு இறங்கும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோமாதாவே வெறுங்காலோடு நடக்கும்போது நமக்கென்ன கேடு என்பேன். பூஜை பண்ணிவைக்கிற வாத்தியார்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். வாசலில் ஜல்லியும் கம்பியும் கிடக்கிற பாதி முடிந்த கட்டடமானாலும் தனபாலன் வெறுங்கால்தான்.

ஆவணி மாதம், அடையாறில் ஒரு வீடு. பூஜை முடிந்து கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் நடந்தபோது கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் போட்ட ஒரு சென்ட்ரிங் பலகையை மங்களா மிதித்தாள். ஆணி குளம்பில் ஏறிவிட்டது. தனபாலன் குனிந்து, அவள் காலைத் தூக்கி, பலகையை இழுத்துக் கீழே போட்டான். மங்களா பதறி அவனைத் தள்ள, பின்னால் வைத்த அவன் கால் அதே ஆணியின்மேல் இறங்கியது. ரத்தம் அதிகமில்லை. துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அவனை நானேதான் டாக்டர் ஜவஹரின் கிளினிக்குக் கூட்டிப் போனேன். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். டாக்டர் காயத்தைக் கழுவிவிட்டு, "கடைசியா டி.டி. ஊசி எப்ப போட்டது?" என்று கேட்டார். தனபாலன் என் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் நல்ல முகூர்த்தம். தி.நகர், நந்தனம், ஆதம்பாக்கம் என்று மூன்று வீடு ஒத்துக்கொண்டிருந்தேன். கொரோனா ஊசி போட்டபோது தனபாலன் மூன்று நாள் படுத்துவிட்டான். வேறு ஆள் பிடித்தால் மங்களா லிஃப்ட் பக்கமே திரும்ப மாட்டாள். மூன்று குடும்பம் விடியற்காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"போன மாசம்தான் போட்டாச்சு, டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் தனபாலன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல வேளை சாமி. ஊசின்னாலே நமக்கு பேஜாரு." அவனுக்கும் அதில் சந்தோஷம்தான். நான் ஒருவன் மட்டும் முடிவு செய்ததில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

எட்டாம் நாள் தி.நகரில் இன்னொரு வீடு. தனபாலன் பேசவே இல்லை, ஆனால் பல் தெரியச் சிரித்த முகமாகவே நின்றான். வீட்டுக்கார அம்மாள் ஜெயலக்ஷ்மிக்கு ஒரே பூரிப்பு. "உங்காத்து ஆள் என்ன லட்சணமா சிரிச்சிண்டே இருக்கார்!" என்று அவனையும் போட்டோவில் நிற்கவைத்தாள். அந்தப் படத்தை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது சிரிப்பில்லை, தாடை இறுகியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மதியம் அவன் மனைவி புஷ்பம் ஓடி வந்தாள். "சாமி, இட்லிய பிட்டு வாயில வெக்க முடியல. பல்லு கிட்டிச்சிக்கினு கீது." ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். அங்கேயும் அதே கேள்வி, ஊசி எப்போது போட்டது என்று. தனபாலனால் வாயைத் திறக்க முடியவில்லை. புஷ்பத்துக்கு விவரம் தெரியாது. இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு டாக்டரிடம் ஒன்றும் இன்னொரு டாக்டரிடம் வேறொன்றும் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? "போன மாசம் போட்டாச்சு" என்றேன். அப்படியானால் பல்லில் ஏதாவது சீழ் இருக்கும் என்று அந்த வழியில் பார்க்க ஆரம்பித்தார்கள். புஷ்பம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது, சார், நிஜமாகவே.

மறுநாள் காலை மங்களா வைக்கோலைத் தொடவில்லை. காது விறைத்து நின்றது. எனக்குக் கைகால் ஓடவில்லை. கால்நடை டாக்டர் மதுமதியைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். எந்தத் தேதி, எந்தப் பலகை, எவ்வளவு ஆழம், இதுவரை தடுப்பூசியே போட்டதில்லை என்பது வரை. அதே ஆணி குத்திய என் ஆளுக்குத் தாடை கட்டிவிட்டது, அவனுக்கும் ஊசி போடவில்லை, ஆகவே இது டெட்டனஸ் என்கிற ரண ஜன்னியாகத்தான் இருக்க வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்றேன்.

அந்தப் பெண் வந்து மருந்தை ஏற்றிக்கொண்டே விளக்கினாள். மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் தூங்கும் கிருமியாம். காற்றுப் பட்டால் வளராதாம். ஆணி குத்தி மேலே மூடிக்கொண்ட காயம்தான் அதற்குத் தோதான வீடாம். அதுவும் ஒரு கிருஹப்பிரவேசம்தான் போலிருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அவருக்கு ஊசி போடலைன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"முதல்ல பசுவைப் பாருங்கோ" என்றேன்.

அவள்தான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினாள். அதற்குள் தனபாலனின் முதுகு வில்லாக வளைய ஆரம்பித்துவிட்டது. மருந்து கொடுத்தார்கள், இருட்டறையில் வைத்தார்கள். ஐந்து நாள் இருந்தான். கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் அவன் உடம்பு தூக்கிப் போடும் என்று புஷ்பம் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. மங்களாவின் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன். தனபாலனுக்கு ஊசி போடவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு இடத்தில் போட்டாச்சு என்று சொன்னேன். முதல் தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு ஊசியோடு போயிருக்கும். இரண்டாம் தடவை சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கலாம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் பொய்யன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மதுமதியைக் கேட்டுப் பாருங்கள், அவளிடம் ஒரு சொல் மாற்றிச் சொல்லவில்லை. மங்களா இப்போது நன்றாகத் தின்கிறாள். வாயில்லா ஜீவன், சார். அதற்காக யாராவது உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.