கடைசி வரிக்கு எதிரே இரண்டு

அன்று எங்கள் அலுவலக முன்னறையில் தையல்காரரிடம் நான் சொல்லாதது இது: அவருடைய மகளைப் பற்றி இரண்டாவது பதிவு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. இல்லாததை யாரும் அழிக்கவில்லை.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது இருபத்தேழு. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணினி நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன்.

வீட்டார் கொடுக்கும் விவரங்களும், மருத்துவமனைகளும் காப்பகங்களும் அனுப்பும் பட்டியல்களும் தினமும் காலையில் எங்களிடம் வரும். என் நிரல் அவற்றை ஒரே வரிசையாக அடுக்கி, பெயர், பிறந்த தேதி, மச்ச அடையாளம் மூன்றும் ஒத்துப்போகிற பதிவுகளைத் தேடி, ஒவ்வோர் ஆளும் எத்தனை முறை வந்திருக்கிறார் என்று எண்ணும். ஒன்று என்றால் இன்னும் பொருந்தவில்லை. இரண்டு என்றால் தேடப்படும் ஆள் எங்கோ இருக்கிறார். மற்ற அலுவலகங்களில் ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கச் சொல்வார்கள். எங்களிடம் வந்தால் தொலைபேசியை எடுப்போம்.

என் அக்கா ஆறு ஆண்டுகளுக்கு முன் மூக்குக்கண்ணாடியின் திருகை முடுக்கிவர வெளியே போனாள். அவள் வரவே இல்லை என்று கடைக்காரர் சொன்னார். நிரலை எழுதி முடித்த அன்று, சோதித்துப் பார்க்க, பட்டியலின் கடைசி வரியாக அக்காவின் விவரத்தைச் சேர்த்து ஓட்டினேன். அவள் பெயருக்கு எதிரே இரண்டு என்று வந்தது. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு, எங்கே போக வேண்டும் என்று பார்க்கத் திரும்ப வந்து உட்கார்ந்து இரண்டு பதிவுகளையும் திறந்தேன். இரண்டிலும் தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தங்கை என்று இருந்தது.

பிழை என்னுடையது. வரிகள் தீர்ந்துவிட்டன என்பது, இல்லாத வரியைப் படிக்கப் போய்த் தோற்ற பிறகுதான் கணினிக்குத் தெரியும். அது தோற்றதா என்று கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகும்படி எழுதியிருந்தேன். அதனால் கையில் இருந்த கடைசி வரியையே அது இன்னொரு முறை வரிசையில் வைத்தது. புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பிழை. நிரலில் ஒரே ஒரு கட்டளை வரியை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

நான் மாற்றவில்லை. அதன் பிறகு நான்கு ஆண்டுகளும், தினமும் எல்லாப் பட்டியல்களையும் சேர்த்து முடித்து, அக்காவின் விவரத்தைக் கடைசி வரியாக வைத்து ஓட்டி, வந்த இரண்டைப் பார்த்துவிட்டு, அதை ஒன்று என்று திருத்தி அனுப்புவேன். பிழை அவள் மேல் மட்டுமே விழும், வேறு யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

சென்ற மாதம் பல் பிடுங்க ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். பக்கத்து மேசைக்காரரை, நிரலில் வரி முடிவில் அரைப்புள்ளி போட எப்போதும் மறந்துவிடுவதால், அரைப்புள்ளி என்றே கூப்பிடுவோம். அவர், "போயிட்டு வாம்மா, நாளைக்காவது எங்களைக் கடிக்காம இருப்பே" என்றார். அவரிடம் நிரலைக் கொடுத்தேன். கடைசி வரியைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று கடைசி வரியாக இருந்தது தையல்காரரின் மகள். மூன்று மாதமாக அலுவலகத்தில் யார் பெயருக்கும் இரண்டு என்று வந்திருக்கவில்லை. அரைப்புள்ளி பதிவுகளைத் திறந்துகூடப் பார்க்காமல், சந்தோஷத்தில் தையல்காரருக்குத் தொலைபேசி செய்துவிட்டார்.

மறுநாள் வாயில் பஞ்சோடு நான் வந்தபோது தையல்காரர் முன்னறையில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்தார். "போறப்ப பதினாலு வயசு. இப்ப பதினேழு. அளவு தெரியாம தைச்சேன். உள்பக்கம் நாலு விரல் துணி விட்டிருக்கேன், வளர்ந்திருந்தா பிரிச்சு விட்டுக்கலாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பல்வலியா? பேசாதம்மா, ரத்தம் வரும்" என்றார்.

அதன் பிறகு உள்ளே போய் நிரலின் அந்த ஒரு கட்டளை வரியை இடம் மாற்றி மீண்டும் ஓட்டினேன். அவர் மகளுக்கு எதிரே ஒன்று என்று வந்தது. அரைப்புள்ளி வெளியே போய், "தப்பா வந்திருச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். "நேத்து ரெண்டுன்னீங்க. ராத்திரியோட ராத்திரியா யார் சார் அழிச்சது?" என்று தையல்காரர் கேட்டார். நான் கதவருகில் நின்றிருந்தேன். அவர் பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, பதிவை அழித்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். அரைப்புள்ளியை இரண்டு முறை விசாரணைக்கு அழைத்த பிறகு, இன்று நானாகவே வந்தேன்.

இன்று காலையும் நிரலை ஓட்டினேன். அக்காவின் விவரத்தை அதற்குரிய இடத்தில் வைத்தேன். ஒன்று என்று வந்தது.

மேலே கண்டதை அதிகாரி எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். யாருடைய தூண்டுதலாலும் இதைச் சொல்லவில்லை. கூட்டவும் குறைக்கவும் எனக்கு எதுவும் இல்லை.

கையொப்பத்துக்கு முன் சேர்த்தது: இதே அறையில் இந்த வாக்குமூலம் தையல்காரருக்கும் படித்துக் காட்டப்பட்டது. அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் விட்டுப்போன பையை எடுத்து வந்திருந்தேன், அவர் வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. கிடைச்சா உங்களுக்குத்தானே முதல்ல தெரியும்" என்றார். பை என்னிடம் இருக்கிறது.

(கையொப்பம்)