அடுப்பில் தண்ணீர் ஊற்றிய ஊர்

இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஆகஸ்ட் இருபத்து நான்கு, ஞாயிறு, மாலை நாலரை மணி. போன வாரம் மலையேறிக் கூடாரம் அடித்தவர்கள் இருபத்தேழு பேர். பத்திரமாக இறங்கியவர்கள் இருபத்தேழு பேர். எரிந்த புல்? ஒன்றுகூட இல்லை!

கணக்கைச் சொல்லிவிட்டேன், இனி மரியாதையைச் சொல்கிறேன்.

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் பொதுக்குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் முத்துலிங்கம் ஐயா அவர்களே! பன்வில மலையின் பெரியோர்களே! கொழுந்து கிள்ளும் கைகளால் கொழுந்துவிட்ட தீயையும் அடித்து விரட்டிய தாய்மார்களே! கூடாரம் சுமந்த தோழர்களே, தோழியர்களே! பின்வரிசையில் நின்று "சுருக்கு, சுருக்கு" என்று சைகை காட்டும் கிருஷ்ணராஜ் அண்ணன் அவர்களே! வணக்கம்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில் பிறந்தவன். கண்டியில் தீப்பாதுகாப்புத் தொழில்நுட்பம் படித்து, அதையே தொழிலாகச் செய்கிறவன். தேன் தடவிப் பேச எனக்கு வராது.

போன வருடம் நடந்தது என்ன? நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் மலையுச்சியில் முகாமிட்டார்கள். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். காலையில் அடுப்பை மண் போட்டு மூடிவிட்டு இறங்கினார்கள். மத்தியானம் காற்று எழுந்தது. மண்ணுக்குள் கிடந்த கங்கு மானாப்புல்லைத் தொட்டது. தொட்டது தீயானது, தீ மலையானது, மலை லயத்தை நோக்கி இறங்கியது! கார் ரோட்டு ஓரத்தில் பச்சைக் கிளைகளால் அடித்து நிறுத்தினீர்கள். மறுநாளே பொதுக்குழு முடிவெடுத்தது: இனி முகாம் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு மலையே இல்லை.

தடை யாருக்கு விழுந்திருக்க வேண்டும்? பிள்ளைகளுக்கா? அந்த அடுப்புக்கா?

பிள்ளைகள் கவனமில்லாதவர்கள் என்றீர்கள். இல்லை! நீங்கள் வீட்டில் செய்வதை அப்படியே செய்தார்கள். அதுதான் கோளாறு. இதைக் காட்டக் கோயில் முற்றத்தில் மூன்று கல் வைத்து நான் அடுப்பு மூட்டியது நினைவிருக்கிறதா? மாதர் சங்கத்து வடிவம்மா அக்கா தன் கையாலேயே மண் போட்டு மூடினார். விடிந்ததும் கிளறினேன். காய்ந்த புல்லை வைத்தேன். குப்பென்று பற்றியது!

"அடேய், நேத்து நாந்தானேடா மூடுனேன்!"

"நீங்கதான் அக்கா."

"நான் மூடுனா அப்படித்தாண்டா இருக்கும். காலைல தேத்தண்ணி போட நெருப்பு வேணாமா?"

கேட்டீர்களா? அது நெருப்பை அணைக்கும் முறை அல்ல, காப்பாற்றும் முறை! வீட்டில் காப்பாற்றினால் தேநீர் கிடைக்கும். மலையில் காப்பாற்றினால்?

"அப்ப தண்ணி ஊத்தணுங்கிறியா? அடுப்புல தண்ணி ஊத்துறது எழவு வீட்டு வேலைடா" என்றார் அக்கா. மன்றத் தலைவி துஷ்யந்தி முன்னால் வந்தாள்.

"பெரியம்மா, தீ எறங்கி வந்தப்ப பேத்தியைத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்களே, அன்னைக்கு நம்ம லயம் என்ன வீடா ஆகியிருக்கும்?"

அக்கா குடத்தை எடுத்தார். அடுப்பில் கவிழ்த்தார். "சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும்" என்றார்.

என்ன கிருஷ்ணராஜ் அண்ணே? "சோறு ஆறுது"வா? ஆறட்டும்! ஆறாத அடுப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்!

அன்றைக்குத்தான் ஐயா ஒரே ஒரு முகாமுக்குச் சம்மதித்தார். மீதி முடிவு இன்றைக்கு என்றார். போனோம். அரிசியைவிடத் தண்ணீர் பாரம்; முனகிக்கொண்டே சுமந்தோம். புல்லைச் செதுக்கி வெறும் மண்ணில் அடுப்பு வைத்தோம். நெருப்பு இருந்தவரை ஓர் ஆள் அதன் பக்கத்திலேயே காவல் இருந்தார். புறப்படுமுன் தண்ணீர் ஊற்றினோம், கிளறினோம், மறுபடி ஊற்றினோம். புறங்கையை அருகே பிடித்துப் பார்த்தோம். சூடா? இன்னும் ஊற்றினோம்! சாம்பல் சேறாகும்வரை ஊற்றினோம்!

ஒரு வாரமாகக் காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்குகிறது. திரும்பிப் பாருங்கள் மலையை! எல்லோரும் திரும்புங்கள்! புகை தெரிகிறதா? கருகல் தெரிகிறதா? பச்சை! உச்சிவரை பச்சை! வென்றது யார்? தீயா? இல்லை! பயமா? இல்லை! இந்த ஊர் வென்றது! ஐயா, இதற்கு மேல் என்ன சாட்சி? தடை நிற்கிறதா, போகிறதா? இப்போதே சொல்லுங்கள்!

ஐயா எழுந்துவிட்டார். என்ன ஐயா? ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

"ஓம் தம்பி, போகட்டும். பொம்பிளைப் பிள்ளையளும் போகட்டும். இனித் தடையில்லை. நீர் கத்தாதையும்."

கத்தாமல் எப்படி ஐயா இருப்பது? கைதட்டுங்கள் தாய்மார்களே! மலை கேட்கத் தட்டுங்கள்! இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கே மலையடிவாரத்தில் தண்ணீர்த் தாங்கி வைக்க இடம் அளப்பேன்.

2. அடுத்த மாதம் தெல்தோட்டை இளைஞர்களிடம் போவேன். வடிவம்மா அக்காவும் வருகிறார். பேச்சு என்னுடையது, குடம் அவருடையது.

3. அடுத்த முகாமின் தீப்பொறுப்பைத் துஷ்யந்தியிடம் கொடுத்துவிட்டு, அவள் சொன்னபடி தண்ணீர் சுமப்பேன்.

4. இத்தனை நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி சொல்லி, வணங்கி, இந்த மேடையிலிருந்து இறங்குவேன். சொல்லிவிட்டேன், வணங்கிவிட்டேன், இதோ, இறங்குகிறேன்!