வாய் மரத்துப்போகும் பத்து நிமிஷம்

"ஊசி போட்டா வாய் மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும். அதான் நான் படிக்கிற நேரம். ஆறு பேர் வந்தா ஒரு மணி நேரம் ஆச்சு."

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பல் டாக்டர் பெண் தன் தோழியிடம் சொன்னாள். கையில் செங்கல் கனத்துக்கு ஒரு கைடு. துபாயில் வேலை பார்க்க லைசென்ஸ் பரீட்சையாம். நான் என் கடைவாய்ப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பேஷன்ட் முன்னாடியேவா படிப்பே?"

"சத்தமாவே. அரிசிக்கடை சேட்டன் ஒருத்தருக்கு மூணு பல்லுல வேலை. நான் கேள்வியை வாசிப்பேன். அவரால பேச முடியாதில்லையா, நாலு விடையில எதுன்னு விரலைக் காட்டுவார்."

"சரியா இருக்குமா?"

"முதல்ல எல்லாம் தப்பு. இப்போ என்னைவிட அவருக்குத்தான் மார்க்கு கூட."

"பரீட்சை வரைக்கும் அவரை விட்டுடாதே."

"பல் வேலை போன வாரமே முடிஞ்சுது, கேட்டியா. நேத்து சாயா குடிச்சிட்டு நேரா வந்து நாற்காலியில சாஞ்சுட்டார். ஊசி வேண்டாம், மிச்சப் பாடத்தை வாசின்னார்."

"அப்போ வாயாலேயே பதில் சொல்லியிருப்பாரே?"

"எங்கே. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு விரலைத்தான் காட்டினார்."