அமுங்காத காபிப் பொடி

எழில்: அமுக்கும்மா... இன்னும்... நல்லா அமுக்கு!

வேலுத்தாய்: அமுக்கிட்டுத்தானடி இருக்கேன்.

எழில்: எங்க அமுக்குன? குளந்தைக்குப் பவுடர் ஒத்துற மாதிரில்ல ஒத்துற! பொடி இறுகுனாத்தான் எஸ்பிரஸ்ஸோ கெட்டியா எறங்கும்.

வேலுத்தாய்: பொங்கலுக்கு நீ வாங்கியாந்ததுலருந்து டிவி மேல துணி போத்தி வச்சிருந்த மிசினு. இன்னைக்கு எறக்கி, இன்னைக்கே படிக்கச் சொன்னா? சுவிட்சப் போடு... யாத்தே, என்னா சீறு சீறுது! தள்ளி நில்லு, தள்ளி நில்லு!

எழில்: ஆவிம்மா அது. வெடிக்காது.

வேலுத்தாய்: எங்க போர்மேனும் அப்பிடித்தான் சொல்வாரு...

எழில்: ஷ்ஷ்! போர்மேன் பேச்சே எடுக்கக் கூடாதுன்னேன்ல? இந்தா பாரு, கிளாஸ் களுவுன தண்ணி மாதிரி வந்திருக்கு. மூணாவது தடவை!

வேலுத்தாய்: நுரையா பால ஊத்திட்டா தெரியவா போகுது?

எழில்: புகழேந்தி அம்மா கோயமுத்தூர்க்காரவுக. ஒரு வாய் வச்சாலே கண்டுபிடிச்சிருவாக. நான் வேற, எங்கம்மா மிசின் காபியில கெட்டின்னு ரெண்டு மாசமாப் பீத்தி வச்சிருக்கேன்.

வேலுத்தாய்: எதுக்குடி பீத்துன?

எழில்: எனக்குப் புகழேந்தியத் தவிர யாரும் வேண்டாம்மா. அவுக அம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதான்...

வேலுத்தாய்: சரி சரி, அளுதுறாத. மை கலையும். அவுக எங்கன?

எழில்: முன் ரூம்புல, பேன் காத்துல. நம்ம ஊரு வெயிலு அவுகளுக்குப் புதுசாம். அப்பாவும் புகழேந்தியும் சேவு வாங்கப் போயிருக்காக. இப்பத்தான் மிஸ்டு கால் வந்துச்சு, திரும்புறாக.

வேலுத்தாய்: நான் என்ன வேலை பாக்கேன்னு கேட்டா?

எழில்: பிரிண்டிங் கம்பெனி. காலண்டர் அடிக்கிற எடம். அம்புட்டுத்தான். பட்டாசுன்னு வாயத் தொறந்த... கையக் காட்டு.

வேலுத்தாய்: எலுமிச்சம்பளம் போட்டுத் தேச்சாச்சு, தேங்கா நார் போட்டும் தேச்சாச்சு. நகக்கண்ணுல அலுமினியப் பொடி மட்டும் போவேனாங்குது.

எழில்: முந்தானைக்குள்ள வச்சுக்கோ.

வேலுத்தாய்: கைய ஒளிச்சு வச்சிட்டுக் காபி எப்பிடிடி போடுறது?

எழில்: ஏம்மா, மறுபடியும் ஜன்னல் கம்பியத் தொடுற!

வேலுத்தாய்: தொட்டேனா? பொடி டப்பாவத் தொறக்க முன்ன கை தானாப் போகுதுடி. இருபது வருசம்... வாசல்ல செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புல உள்ள கரண்ட எறக்கிட்டுத்தான வெடிமருந்து ரூம்புக்குள்ள காலு வைப்போம்.

எழில்: இது காபிப் பொடிம்மா!

வேலுத்தாய்: எனக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே! மருந்த அமுக்குனா உரசும், உரசுனா... இந்தக் கை அமுக்காம இருந்ததாலதான்டி நீ படிச்சு பெங்களூரு போன.

சொர்ணலட்சுமி: உள்ள வரலாமுங்களா?

எழில்: ஐயோ... வாங்கத்தை! இங்கன ஒரே வேக்காடு...

சொர்ணலட்சுமி: மிசினுச் சத்தம் கேட்டுதுங்க, பாக்கலாம்னு ஆசை. கண்ணு, என்ற பையில மாத்திரை இருக்குது. எடுத்துட்டு வர்றியா?

எழில்: இந்தா வந்துட்டேன்த்தை. அம்மா... ஞாபகம் இருக்குல்ல?

வேலுத்தாய்: இருக்கு, இருக்கு... நீங்க உக்காருங்க. ஒரு நிமிசத்துல போட்டுர்றேன்.

சொர்ணலட்சுமி: நீங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?

வேலுத்தாய்: காலண்டரு... பிரிண்டிங் கம்பெனி...

சொர்ணலட்சுமி: காலண்டர் அடிக்கறவங்க பொடி டப்பாவ எடுக்கறப்ப ஜன்னல் கம்பியத் தொடுவாங்களா?

வேலுத்தாய்: அது... சும்மா, பிடிமானத்துக்குங்க...

சொர்ணலட்சுமி: பொடிய அமுக்கவும் மாட்டேங்கறீங்க. கப்ப ஒத்த விரலால தட்டித் தட்டி நெரவறீங்க.

வேலுத்தாய்: பிள்ளை மேல தப்பில்லைங்க! நான் வெடிக்கு மருந்து செலுத்துறவதான். பொய் சொன்னதுக்கு என்னைய எம்புட்டு வேணாலும் திட்டுங்க. அவள மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீக...

சொர்ணலட்சுமி: அந்தக் கப்ப இப்படிக் குடுங்க. நான் போடறேன்.

வேலுத்தாய்: ...என்ன, நீங்களும் கம்பியத் தொடுதீக?

சொர்ணலட்சுமி: இனி அமுக்கோணுமுங்களா?

வேலுத்தாய்: அமுக்குங்க... ஏன் நிறுத்திட்டீக? அட... நீங்களும் ஒத்த விரலால தட்டுதீக!

எழில்: அத்தை, பையில மாத்திரையே இல்லையே... என்ன இது? ரெண்டு பேரும் கண்ணுல தண்ணியோட சிரிச்சுக்கிட்டு நிக்கீக! காபி எங்க?

சொர்ணலட்சுமி: நீ வந்து அமுக்குத்தா. நானும் இந்தப் பக்கத்து ஆனைக்குட்டத்துக்காரிதான், கல்யாணத்துக்கு முன்ன எட்டு வருசம் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து செலுத்தப் போனவ, எம்மகனுக்கே தெரியாது. எங்க மதினி, ஒங்கம்மா கையும் அமுக்கமாட்டேங்குது, எங்கையும் அமுக்கமாட்டேங்குது... நம்ம மூணு பேருல மருந்து படாத கை ஒங்கை ஒண்ணுதான்.